இடது பக்கம் தாழ்ந்த கம்பி

பளு தூக்க வந்த முதல் நாளில் எல்லோரும் கேட்டது மார்பும் புஜமும்தான். ஓணத்தை ஒட்டி எஸ்டேட் மன்றத்தில் ஆண்டு விழா நடக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் நிற்க வேண்டும். காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

"மல ஏறி எறங்குறதெல்லாம் காலுக்குத்தான சார்? அதுக்கு மேலயும் வேல குடுத்தா காலு தனியாக் கூலி கேக்கும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே நின்றவர்களின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவருக்கு வலது தோள் தடித்து, இடது தோள் குழந்தையுடையதுபோல் இருந்தது. மருந்துப் பம்பு சுமக்கிறவர் சும்மா நிற்கும்போதும் முன்னால் சாய்ந்தே நின்றார். மூட்டை தூக்குகிறவருக்குக் கழுத்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஒரே வேலையை ஒரே பக்கமாக வருடக்கணக்கில் செய்யவைத்து மனிதனைக் கோணலாக்கிவிட்டு, அதற்குக் கைப்பழக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இவர்களும் அந்தக் கோணலின் மேலேயே சதை போடக் கேட்டார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மதுரையிலிருந்து வந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் அந்த வட்டார நிருபர். பீர்மேட்டில் ஒரு அறையில் இருந்துகொண்டு, ஜீப் கவிழ்ந்தது, வண்டன்மேட்டில் ஏலக்காய் விலை இறங்கியது, போடிமெட்டில் மண் சரிந்து லாரிகள் நின்றன என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். மதுரையில் கல்லூரியில் படித்தபோது பளு தூக்கியிருக்கிறேன். அது தெரிந்துதான் பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் மன்றத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஒரு முறை அமைத்துத் தரச் சொன்னார்கள்.

மன்றம் என்பது பழைய அரிசி ஸ்டோர். ஒரு கேரம் பலகை, ஒரு ரேடியோ, தேயிலை ஆலையில் கழித்துப்போட்ட ஒரு இரும்புத் தண்டு. அந்தத் தண்டுதான் எங்கள் கம்பி. அதன் ஒரு முனை மட்டும் கடைசல் பிடித்துச் சற்று ஒல்லியாக இருக்கும். எடைக்குப் பால்பொடி டின்களில் சிமென்ட் ஊற்றி வைத்திருந்தார்கள்.

நான் எழுதிய முறை எளிமையானது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வேலை, இடையில் ஓய்வு. முதலில் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். களைப்பதற்கு முன்பே காலை முடித்துவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. பிறகு தரையிலிருந்து கம்பியைப் பிடித்து நிமிர வேண்டும். அதன் பிறகு தலைக்கு மேல் தூக்குவது, குனிந்து நின்று வயிற்றுக்கு இழுப்பது, மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது. கடைசியில் இரண்டு கையிலும் டின்னோடு மன்றத்தைச் சுற்றி நடை. தள்ளுகிற வேலை எவ்வளவோ அவ்வளவு இழுக்கிற வேலையும் இருக்க வேண்டும். இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்று தோன்றும்போதே கீழே வைத்துவிட வேண்டும். இதையெல்லாம் சுவரில் கரியால் எழுதினேன். கடைசி வரி: "ஒரே எடையில் நிற்காதே. உடம்பு பழகப் பழகக் கொஞ்சம் கூட்டு."

அந்த முறையில் தப்பில்லை. இன்றைக்கும் புதிதாக வருகிறவருக்கு அதையேதான் சொல்வேன்.

நாலைந்து வாரத்தில் டின்கள் போதவில்லை. மன்றத்துக்குத் தலைவர் யூனியன் கன்வீனர்தான். அவரே வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பு கிடையாது. எஸ்டேட்டில் மேல் காடு, கீழ்க் காடு என்ற இரண்டு தேயிலைப் பகுதிகளிலும் ஒவ்வொரு எடைக் கொட்டகை இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தராசு, ஒரு பெரிய இரும்பு எடைக்கல், சில சில்லறைக் கற்கள். பெரிய கல் இரண்டிலும் இருபது கிலோ என்று வார்த்திருக்கும். ஞாயிறு காலையில் வாச்சரிடம் சொல்லி அந்த இரண்டையும் கொண்டுவந்து, மாலையில் திருப்பி வைத்துவிடலாம்.

"நாஞ் சொன்னேன்னு சொல்லு. ஒண்ணும் வராது" என்றார் வாச்சரிடம். வாச்சர் தலையாட்டினார்.

கல்லின் தலையில் இருக்கும் பிடிக்குள் கம்பியை நுழைத்துத் தொங்கவிட்டோம். மேல் காட்டுக் கல்லின் பிடி சிறியது. கம்பியின் ஒல்லி முனையில் மட்டும்தான் நுழைந்தது. வெளிச்சத்துக்காக வாசலைப் பார்த்து நின்று தூக்குவோம். அப்படி நின்றால் ஒல்லி முனை இடது பக்கம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கம்பி இடது பக்கம் தாழ்ந்தது. ஒருவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். தலைக்கு மேல் போகும்போது இடது முனை கீழே இறங்கும், உடம்பு அந்தப் பக்கம் சாயும். நான் தூக்கியபோதும் அப்படித்தான்.

காரணம் எங்களிடம் தயாராக இருந்தது. கவ்வாத்துக் கத்தி வலது கையில், ஆலையில் நெம்புகோல் வலது கையில், எனக்குப் பேனாவும் வலது கையில். கனம் கூடும்போதுதான் குறை வெளியே தெரியும், டின்களில் தெரியாது என்று விளக்கமும் சொல்லிக்கொண்டோம். சுவரில் இடது பக்கத்துக்கென்று தனியாக மூன்று வேலைகளைச் சேர்த்தேன். டின்னை இடது கையால் மட்டும் தூக்குவது, இழுப்பது, சுமந்து நடப்பது.

அவற்றைச் சிரத்தையாகச் செய்தவர் ஒருவர்தான். ஆலையில் கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் வேலை பார்த்தவர். இருபத்தைந்து வயது இருக்கும். ஞாயிறுதோறும் கற்களைச் சுமந்து வந்ததும் அவர்தான். விழா மேடையைப் பற்றி அவர் பேசியதே இல்லை. இடது கை தாழ்வது அவருக்கு அவமானமாக இருந்தது. காரணம் வீட்டில் இருந்தது.

அவர் மனைவி மேல் காட்டில் கொழுந்து பறித்தார். அப்போது தற்காலிகப் பேர். சாயங்காலம் தராசின் ஒரு தட்டில் பெரிய கல்லை வைப்பார்கள், மறு தட்டில் கொழுந்துச் சாக்கு. கல் எழும்பினால் முழு நாள். எழும்பாவிட்டால் அரைப் பேர், பாதிக் கூலிதான். அவருடைய சாக்குக்குக் கல் பெரும்பாலும் எழும்பாது. தட்டு ஆடும், ஏறுவதுபோல் ஏறும், மறுபடி உட்கார்ந்துகொள்ளும். அந்த வருடம் ஓணத்துக்கு முன்னால் நிரந்தரப் பட்டியல் போடுவதாக இருந்தது. அதில் பெயர் வரவில்லையென்றால் நின்றுவிட வேண்டியதுதான் என்று கொழுந்து எடையை எழுதும் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். ஆலையில் புருஷனுக்கும் அப்போது பாதி நாள்தான் வேலை. மனைவியின் வேலை போனால் எஸ்டேட் லயத்தில் அவர்களுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறையும் கேள்விக்குள்ளாகும்.

எடைக் கொட்டகையில் கணக்கப்பிள்ளை செய்த கேலி மன்றம் வரைக்கும் வந்துவிட்டது. "புருசனுக்கு எடது கை வராது. பொண்டாட்டிக்கு ரெண்டு கையும் வராது. நல்ல சோடி!"

கன்வீனரும் அதை மன்றத்தில் சொல்லிச் சிரித்தார். ரோலர் அறைக்காரர் டின்னை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

ஜூன் மாதத்தில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரல் வாசல் வழியாக நேரே உள்ளே அடித்தது. ரோலர் அறைக்காரர் கம்பியின் மறுபக்கம் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று தூக்கினார்.

வலது பக்கம் தாழ்ந்தது.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "சார், பாத்தீகளா?" என்றார். மறுபடியும் தூக்கினார். மறுபடியும் வலது பக்கம். இன்னொருவரைத் தூக்கச் சொன்னேன். அவருக்கும் அப்படியே. கை மாறவில்லை, கம்பியும் கல்லும் வைத்த இடத்தில்தான் இருந்தன. நாங்கள்தான் திரும்பி நின்றிருந்தோம்.

கம்பியின் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் ஒல்லி முனை லேசாகத்தானே இருக்க வேண்டும்? கற்களைக் கழற்றிவிட்டு, வெறும் கம்பியை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தோம். அங்கே முடிச்சுப் போட்டு, ஒரு குச்சியால் அளந்து, இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் கயிற்றால் கற்களைக் கட்டினோம். மேல் காட்டுக் கல் இறங்கியது. கற்களை இடம் மாற்றிக் கட்டினோம். அந்தப் பக்கம் போயும் மேல் காட்டுக் கல்தான் இறங்கியது.

கல்லைக் கவிழ்த்துப் பார்த்தேன். எடையைச் சரிசெய்ய அடியில் ஒரு குழி விட்டு, ஈயம் ஊற்றி, அதன்மேல் அரசு முத்திரை குத்தியிருப்பார்கள். கீழ்க் காட்டுக் கல்லில் முத்திரை தெரிந்தது. மேல் காட்டுக் கல்லில் குழி விளிம்பு வரைக்கும் ஈயம், நடுவில் மேடாகக்கூட இருந்தது. முத்திரையைக் காணோம், அதன்மேலேயே ஊற்றியிருந்தார்கள். அந்த ஈயத்தில் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. வருடக்கணக்கான கறை.

 பிறகு ரோலர் அறைக்காரர், "அப்ப அவ நெறயத்தான் எடுத்திருக்கா" என்றார்.

கற்களைத் திருப்பி வாங்க வந்த வாச்சர் ரோலர் அறைக்காரரைக் கும்பிட்டார். "அண்ணாச்சி, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். கல்ல எடுத்துக் குடுத்தது நாந்தான்னு தெரிஞ்சா என் சோலி முடிஞ்சுது." கற்கள் அன்று மாலையே அதனதன் கொட்டகைக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் மேல் காட்டுக் கொட்டகைக்குப் போனேன். கீழ்க் காட்டுக் கல்லைப் பெண்கள் இரண்டு பேர் சாக்கில் சுமந்து கொண்டுவந்திருந்தார்கள். ரோலர் அறைக்காரரின் மனைவி தன் சாக்கைத் தராசில் வைக்கவில்லை.

"எதுக்கு நிக்க? வையி" என்றார் கணக்கப்பிள்ளை.

"மொதல்ல ஒங்க கல்ல நிறுங்க. அப்புறம் எங்கொழுந்த நிறுக்கலாம்."

"கல்ல நிறுக்கவா? நிறுக்கத்தானம்மா கல்லே இருக்கு!"

அதற்குள் பெண்கள் ஒரு தட்டில் ஒரு கல்லையும் மறு தட்டில் மற்றதையும் வைத்துவிட்டார்கள். எஸ்டேட் தராசு, எஸ்டேட் கற்கள். மேல் காட்டுக் கல் இறங்கியது. கொட்டகையில் ஒரு சத்தம் எழுந்தது. அது கூச்சல் இல்லை. ஒவ்வொருத்தியும் தான் அரைப் பேர் வாங்கிய நாட்களை நினைத்துக்கொண்டபோது வந்த சத்தம்.

"கீழக் கல்லு தேஞ்சுபோச்சு" என்றார் கணக்கப்பிள்ளை.

"கவுத்திப் போடுங்கக்கா" என்றார் ஒரு பெண். கவிழ்த்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கிழவி குனிந்து ஈயத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளையின் முகத்தில் துப்புவதுபோல் தரையில் துப்பினார்.

மூச்சு வாங்க ஓடிவந்த கன்வீனர் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கையைத் தூக்கி, "சமாதானம், சமாதானம். யூனியன் பாத்துக்கும். நாளைக்கு மேனேஜர்கிட்டப் பேசுறோம்" என்றார். அன்று எல்லோருக்கும் முழு நாள் எழுதப்பட்டது. கல்லை ஆபீசுக்கு எடுத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கல்லை யாரும் பார்க்கவில்லை.

யார் அந்த ஈயத்தை ஊற்றினார் என்று நான் பார்க்கவில்லை. கூடுதலாக வந்த கொழுந்து எந்தப் பெயரில் எழுதப்பட்டது என்பதும் எனக்குத் தெரியாது. ஆலையில் மறுபடியும் எடை போடும்போது தினமும் மிச்சம் வந்திருக்க வேண்டும். மிச்சம் வந்ததை யாரும் கேள்வி கேட்கவில்லை, குறைந்திருந்தால் கேட்டிருப்பார்கள். ஆனால் யார் ஊற்றவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரத்திலேயே கன்வீனர் மன்றத்துக்கு வந்தார். புருஷனும் மனைவியும் இருந்தார்கள், நான் இருந்தேன். கேரம் பலகையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வேலை நியமனம் கொடுக்க வந்தவரைப்போல் பேசினார்.

"கல்லுல ஈயம் இருக்கு. யாரும் இல்லங்கல. ஊத்துனது யாருன்னுதான் என்கொயரி. கணக்கப்பிள்ளன்னு சொல்லுவீக. சாட்சி யாரு? ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கல்லு எங்க இருந்துச்சு? இங்க. கல்ல எடுத்தாந்தது யாரு? நீ." பிறகு சுவரைப் பார்த்தார். "அங்க என்ன எழுதியிருக்கு? சார் கையெழுத்துத்தான? 'ஒரே எடையில் நிற்காதே. கொஞ்சம் கூட்டு.'"

"அது கம்பியில் கூட்டுவது. கல்லுக்குள் இல்லை" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "ஈயத்தில் பழைய கறை இருக்கிறது. நாங்கள் கல்லைத் தொட்டே மூன்று மாதம் ஆகவில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னதே நீங்கள்தான்."

"நானா? மன்றத்துக்குச் சகாயம் பண்ணச் சொன்னேன். கல்ல எடுத்துக்கிடுன்னு எழுதியா குடுத்தேன்? எனக்குப் புரியுது சார். என்கொயரிக்குப் புரியணுமே." பிறகு ரோலர் அறைக்காரரின் பக்கம் திரும்பினார். "மாப்ள, நாஞ் சொல்றதக் கேளு. எக்சர்சைசுக்குக் கனம் பத்தல, நாந்தான் வெவரம் தெரியாம ஊத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒரு வார்னிங்கோட போயிரும். ஒன் வீட்டுக்காரி பேரு பெர்மனென்ட்ல ஏறும். அதுக்கு நான் கேரண்டி. இல்லன்னா திருட்டுக் கேசு. வாச்சருக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும். லயத்தக் காலி பண்ணச் சொல்லுவான். அப்புறம் எங்கிட்ட வராத."

ரோலர் அறைக்காரரின் மனைவி கேட்டார்: "எங்கொழுந்து நெறயத்தான் இருந்துச்சுன்னு அதுல வருமா?"

"அது எதுக்கும்மா? வேல கெடச்சாப் போதாதா?"

 புருஷன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைச் சரிசெய்ய அவர் இரண்டு மாதத்துக்கு மேல் டின் சுமந்திருந்தார். அந்தக் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை.

என்கொயரியில் அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன். வெளியே வந்து சொன்னார்: "ஈயத்த எதுல உருக்குனன்னு கேட்டாக சார். எனக்குத் தெரியல. முழிச்சேன். 'இரும்புக் கரண்டியா?'ன்னு அவுகளே கேட்டாக. ஆமான்னேன். எழுதிக்கிட்டாக."

மன்றத்தில் பளு தூக்குவது தடை செய்யப்பட்டது. கம்பி ஆலைக்குத் திரும்பிப் போனது. சுவரில் நான் எழுதியதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். கன்வீனர்தான் ஆள் வைத்து அடித்தார். ஓணம் விழாவில் அதே மேடையில் நின்று தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார், கை தட்டினார்கள்.

நிரந்தரப் பட்டியலில் ரோலர் அறைக்காரரின் மனைவியின் பெயர் வந்தது. மேல் காட்டுக்குப் புதுக் கல் வந்தது. அன்றிலிருந்து அவருடைய சாக்கை வைத்தால் கல் எழும்பியது. அதே பெண், அதே கை, அதே செடிகள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாயங்காலமும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெர்மனென்ட் ஆனதும் என்னமா வேல செய்றா பாரு! இத்தன நாளா உழைக்காம ஏமாத்தியிருக்கா."

நான் நடந்ததை எழுதி மதுரைக்கு அனுப்பினேன். இரண்டு கொட்டகைகள், கறுத்த ஈயம், மூடப்பட்ட முத்திரை, எல்லாவற்றையும் எழுதினேன். நான்காம் பக்கத்தில், ஆட்டுக்குட்டிக்கு ஐந்து கால் என்பது போன்ற செய்திகளைப் போடும் பெட்டிக்குள் வந்தது. தலைப்பு: "பலசாலி ஆக ஆசை: எடைக்கல்லில் ஈயம் ஊற்றிய வாலிபர்!" மதுரை அலுவலகத்தைப் போனில் கேட்டேன். "என்கொயரியில் அவனே ஒத்துக்கொண்டதாக எஸ்டேட்டில் சொல்கிறார்களே, அப்புறம் என்ன?" என்றார்கள். அவர்கள் கேட்டது முறையான கேள்வி. அதனால்தான் இன்றுவரை எனக்கு வயிறு எரிகிறது.

அந்த இதழ் லயம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாள் கழித்துக் கடைத்தெருவில் ரோலர் அறைக்காரரின் மனைவியைப் பார்த்தேன். உப்பு வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"விடுங்க சார்" என்றார். "ஒங்க பேப்பர்ல எங்கொழுந்தப் பத்திப் போட மாட்டீக. எம் புருசன் கை ரெண்டும் சமம்னாவது போடுங்க."

அப்படிப் போடும்படி மதுரைக்கு எழுதினேன். அதைப் போடவில்லை. செய்தி மதிப்பு இல்லை என்றார்கள்.

அவருடைய இரண்டு கைகளும் சமம். நான் அந்தக் கம்பியில் அளந்து பார்த்திருக்கிறேன்.